ஒரு கோடை, 15,000 ரூபாய், அப்பாயியின் தகரப்பெட்டி

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை. கோத்தகிரியில் ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு, ‘இலவசக் கல்வி வழிகாட்டுதல்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். அங்கே ஒருவர் கையில் 15,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அதில் 9,600 ரூபாய், ஏப்ரல் மாதம் 24 நாள் ஒரு காட்டேஜில் வேலை பார்த்து நான் சம்பாதித்தது. மிச்சம் 5,400 அம்மா சீட்டில் சேர்த்தது. பணத்தோடு என் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன். “காலேஜ்ல அட்மிஷன் போட்டதும் ஒரிஜினல் ரசீதே வரும்மா” என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை. சான்றிதழ்களைத் திரும்ப வாங்க ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் லயனில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) என்னிடம் முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லை, ஏனென்றால் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை.

எங்கள் வீடு கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் நடுவில். தாத்தாவும் அப்பாயியும் (அப்பாவின் அம்மா) இலங்கையிலிருந்து வந்தவர்கள், தாயகம் திரும்பியோர் குடும்பம். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா நான் எட்டாவது படிக்கும்போது இறந்துவிட்டார். எட்டாவது வரை அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் மீடியம், ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளி. இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிளஸ் டூ தேர்வு மார்ச் 22 அன்று முடிந்தது. ஏப்ரல் முதல் வாரமே ஒரு காட்டேஜில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். நாளுக்கு 400 ரூபாய், மதியச் சாப்பாடு. காலை எட்டு மணிக்கு முதல் நாள் தங்கியவர்கள் காலி செய்ததும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, கம்பளி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போக வேண்டும். விரிப்பு மெஷினில் போகும். கம்பளியைக் கையால்தான் அலச வேண்டும். காலை நேரத்து மலைத் தண்ணீரில் பத்து நிமிடம் கை வைத்திருந்தால் விரல் நுனி செத்துப்போகும், பொத்தான் போட வராது. நனைந்த கம்பளியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து எதிரெதிராக முறுக்குவோம். என்கூட முறுக்கிய அக்கா பத்து வருடமாக அதே வேலையில் இருந்தார். “நீ காலேஜ் போயிரு கண்ணு, இந்தக் கம்பளி போகட்டும்” என்று தினமும் சொல்வார். எனக்கு அந்த வேலை வெட்கமாக இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கையில் வாங்கும் பணம் என்னைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோகிறது என்று உண்மையாகவே நம்பினேன்.

இங்கேதான் முதல் தப்பு. ஏப்ரல் மாதம் முழுக்க நான் பணத்தைச் சேர்த்தேன், காகிதத்தைச் சேர்க்கவில்லை. காட்டேஜ் வேலை செய்து ஒரு வருடக் கட்டணத்தைக் கட்ட யாராலும் முடியாது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, இந்த ஐந்தும் கையில் இருந்தால் கிடைக்கக்கூடிய சலுகை, நான் நான்கு சீசன் வேலை பார்த்தாலும் கிடைக்காத பணம். ரிசல்ட் வருமுன் ஏப்ரலில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் குறைவு. மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து இ-சேவை மையத்தில் வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டு இதற்கு அலைந்திருந்தால் 1,600 ரூபாய் போயிருக்கும். அலையாததால் என்ன போயிற்று என்று கணக்குச் சொல்கிறேன்.

மே 6 அன்று ரிசல்ட். பொறியியலுக்கான கட்-ஆஃப் 200-க்கு 156.5. மறுநாள் மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்துவிட்டது. வெளியூர் வண்டிகள் முதல் சில நாட்கள் குறைந்துபோயின. ஓனர் அண்ணா, “ஆள் வந்தா போன் பண்றேன், அன்னைக்கு மட்டும் வா” என்றார். அவர்மேல் குறை சொல்ல முடியாது, அறைகள் காலியாகக் கிடந்தன. அடுத்து மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வந்தது, நடு மே மாதத்தில் மழை கொட்டி மறுபடியும் கூட்டம் போயிற்று. சீசன் வேலையை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் கையில் வந்த பணத்தை மட்டும் கணக்கில் வையுங்கள், வரப்போகிற பணத்தை வைக்காதீர்கள்.

வேலை குறைந்த அந்தப் பயத்தில்தான் லாட்ஜுக்குப் போனேன். அந்த ஆள் மிகவும் மரியாதையாகப் பேசினார். “156-க்கு கவுன்சிலிங்ல உருப்படியா எதுவும் கிடைக்காதும்மா. நேரடி அட்மிஷன் போடலாம். வருஷத்துக்கு 1,20,000. முதல் பட்டதாரி கழிவு இங்கேயும் உண்டு, பேங்க் லோனும் நாங்களே வாங்கித் தந்துருவோம். இன்னைக்கு 15,000 கட்டினா சீட்டு உங்க பேர்ல லாக். நாளைக்குன்னா நான் உத்தரவாதம் தர மாட்டேன்” என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். முடிவெடுத்தது நான்தான், அதனால்தான் ஏமாந்தது தெரிந்த பிறகு அதை அம்மாவிடம் சொல்ல 11 நாள் வாய் வரவில்லை.

அவர் சொன்ன மூன்றுமே தப்பு என்று பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. 156-க்குக் கலந்தாய்வில் நல்ல கல்லூரியே கிடைத்தது. முதல் பட்டதாரி சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வரும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு மட்டும்தான். அந்த ஆள் சொன்ன நேரடி அட்மிஷனில், அதாவது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் ஒரு ரூபாய் கிடையாது. வங்கிக் கடனை யாரும் ‘வாங்கித் தர’ முடியாது, மாணவரும் பெற்றோரும் நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். எங்கள் லயனில் எஸ்.சி. பிரிவுத் தம்பி தங்கைகளுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்: குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் உங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் காலை வைத்தால் அதுவும் போய்விடும். ‘இன்றைக்கே கட்டினால்தான் சீட்டு’ என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்காகவே எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையை எனக்குச் சொன்னது ஒரு இ-சேவை மையத்து அக்கா. அந்த ஆள் கேட்டார் என்று முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போனேன். அக்கா டைப் அடித்துக்கொண்டே, “டி.என்.இ.ஏ. அப்ளிகேஷன் நம்பர் என்ன பாப்பா?” என்றார். அது அரசின் பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பம். போடவில்லை, டைரக்ட் அட்மிஷன் என்றேன். டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “அப்புறம் இந்த சர்ட்டிபிகேட் உனக்கு எதுக்கு?” அந்தக் கேள்வி கேட்ட நொடியில் வயிற்றில் ஏதோ இறங்கியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருக்க, ஐந்து நிமிடம் எனக்காக விளக்கினார். தன் நம்பரை எழுதிக் கொடுத்து, “முதல்ல டி.என்.இ.ஏ. ரிஜிஸ்டர் பண்ணு, மத்ததை அப்புறம் பாக்கலாம்” என்றார். எங்களுக்கெல்லாம் அதற்குக் கட்டணம் 500, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. ஜூன் 6 கடைசி நாளாக இருந்தது, சில நாள் நீட்டித்தார்கள். அந்த நீட்டித்த நாட்களில்தான் நான் முடித்தேன். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் தனியாக ஆன்லைன் விண்ணப்பம் உண்டு, அதற்கு ஆகும் செலவு வெறும் 50 ரூபாய். ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. பொறியியல்தான் வேண்டும் என்றாலும் அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள். நான் போடாமல் விட்டேன், பிறகு கலந்தாய்வு முடியும்வரை இரவெல்லாம் அந்தப் பயம் இருந்தது.

இனி சான்றிதழ் கதை. ஒவ்வொரு சான்றுக்கும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போகும். என்னுடையது மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை காரணம் அப்பாவின் இனிஷியல். அப்பா பெயர் ‘செ’ என்று தொடங்கும். பள்ளியில் ஆங்கிலத்தில் ‘சி’ என்று போட்டிருந்தார்கள், ஆதாரில் ‘எஸ்’. தமிழில் இரண்டும் ‘செ’தான், கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு ஆள். ஆதாரைத் திருத்தப் போனால் நாளாகும் என்று, இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிக் கடிதம் கொடுத்து, வி.ஏ.ஓ. நேரில் விசாரித்து முடித்தார். இரண்டாவது முறை, அண்ணனின் படிப்புக்கு ஆதாரம் இல்லை என்று திரும்பியது. முதல் பட்டதாரிச் சான்று வாங்க, தாத்தா பாட்டியிலிருந்து கூடப் பிறந்தவர்கள்வரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று காட்ட வேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. அண்ணன் பத்தாவதோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன். அவன் டி.சி.யைத் தேட அவன் லீவு போட்டு வர வேண்டியிருந்தது.

மூன்றாவது முறை சாதிச் சான்று. என்னிடம் இருந்தது பழைய கையெழுத்துச் சான்று. ஆன்லைன் சான்றுக்குத் தாத்தா வழி ஆவணம் கேட்டார்கள். வீட்டில் ஒன்றும் இல்லை என்று அழும் நிலைக்கு வந்துவிட்டேன். அப்பாயி ஒன்றும் பேசாமல் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்தார். மேலே மடித்த சேலை, அதற்கு அடியில் அப்பாவின் சட்டை ஒன்று, அதற்கும் அடியில் பாலிதீன் பையில் சுற்றிய ஃபேமிலி கார்டு. இலங்கையிலிருந்து வந்தபோது கொடுத்தது. நான்கு மடிப்பிலும் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசையில் காகிதம் ஒட்டியிருந்தது. கறுப்பு வெள்ளைப் போட்டோவில் தாத்தாவுக்கு என் அண்ணன் வயதுதான் இருக்கும். “மண்டபம் கேம்ப்ல மழை பேஞ்சப்பகூட இத மடியிலதான் வச்சிருந்தேன்” என்றார். எனக்கு 18 வயதாகியும் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளைகள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். அந்த அட்டையை இப்போதே நல்ல தெளிவாக ஸ்கேன் எடுத்து, போனிலும் மெயிலிலும் வையுங்கள். மறுபடியும் மடிக்காமல் கவரில் போட்டு வையுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரம் தாலுகா அலுவலகத்தில் எல்லார்மேலும் எனக்குக் கோபம். தேர்தல் வேலை, ஜமாபந்தி (கிராம வருவாய்க் கணக்குத் தணிக்கை) வேலை என்று ஆட்களே சீட்டில் இல்லை. ஒரு நாள் மாலை நாலரைவரை உட்கார வைத்து, “நாளைக்கு வாம்மா” என்றார்கள். அன்று போன 400 ரூபாய் கூலி என் கண்முன் நின்றது. பிறகுதான் ஒரு பழக்கம் வந்தது: விண்ணப்ப எண்ணை எழுதிக்கொண்டு போய், ஆன்லைனில் யார் மேஜையில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த ஆளிடம் மட்டும் போய், “சார், இந்த நம்பர் உங்ககிட்ட நிக்குது, என்ன குறைன்னு சொன்னா கொண்டாந்துர்றேன்” என்று கேட்பது. ‘ஏன் லேட்’ என்று கேட்டபோது கிடைக்காத பதில், ‘என்ன குறை’ என்று கேட்டபோது கிடைத்தது. வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், அதனால் அதை மட்டும் ரொம்ப முன்னாடி எடுக்காமல் ஏப்ரல் வாக்கில் எடுங்கள். மற்றவற்றைப் பிளஸ் ஒன் விடுமுறையிலேயே எடுத்துவிடலாம்.

இதற்கு நடுவில் சான்றிதழ்களை மீட்கக் கோயம்புத்தூருக்கு அலைந்தேன். மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். ஆறு முறை போனேன், சாப்பாடும் சேர்த்து 1,800 ரூபாய். அந்த ஆளின் ஆபீஸ் இரண்டு முறை பூட்டியிருந்தது. மூன்றாவது முறை, ‘ஒரிஜினல் காலேஜ்ல இருக்கு’ என்றார். கல்லூரியில், ‘நீங்களா கேன்சல் பண்றதால 10,000 கட்டிட்டு வாங்கிக்கோங்க’ என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அன்றுதான் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “சாப்டியா?” என்று கேட்டார். நான் பேச முடியாமல் போனை வைத்துவிட்டேன்.

என் கெமிஸ்ட்ரி டீச்சர்தான் வழி சொன்னார். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது, பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று 2018 அக்டோபரிலேயே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்திருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. விதியும் உண்டு: குறித்த தேதிக்குள் மாணவர் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்ப வேண்டும். டீச்சர் சொன்னபடி ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். எந்தத் தேதியில் என்னென்ன அசல் சான்று கொடுத்தேன், சேர விருப்பமில்லை, ஏழு நாளுக்குள் திருப்பித் தரவும், இல்லையென்றால் யு.ஜி.சி.க்கும் ஏ.ஐ.சி.டி.இ.க்கும் புகார் அனுப்புவேன், இவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் சீல் வாங்கிக்கொண்டேன். சீல் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பு என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆறாவது நாள் போன் வந்தது, பணம் எதுவும் கேட்காமல் சான்றிதழ்களைக் கொடுத்தார்கள். 15,000 மட்டும் வரவில்லை. கல்லூரி தன்னிடம் வரவில்லை என்றது, ரசீது இல்லாமல் என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. ரசீது இல்லாத இடத்தில் பணம் கொடுக்காதீர்கள். ஜிபே-யில் அனுப்பியிருந்தால்கூட ஒரு தடயம் இருந்திருக்கும், நான் நோட்டாகக் கொடுத்தேன். 15,000, பஸ் செலவு 1,800, வேலைக்குப் போகாத ஒன்பது நாள் கூலி 3,600. மொத்தம் 20,400 ரூபாய். எங்கள் வீட்டில் அது இரண்டு மாதத்து அடுப்பு.

இப்போது அந்த ‘எட்டாவதுவரை உதவிபெறும் பள்ளி’ விஷயத்துக்கு வருகிறேன். ஆறாவது முதல் பன்னிரண்டாவதுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியல் போன்றவற்றுக்கு 2021-லும் வந்தது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசு கட்டும். நான் மூன்று வருடம் உதவிபெறும் பள்ளியில் இருந்ததால் எனக்குக் கிடையாது. கலந்தாய்வு உதவி மையத்தில் அதைக் கேட்டபோது ரொம்ப நேரம் ஒன்றும் தோன்றவில்லை. என்னோடு ஒன்பதாவதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழிக்கு அது கிடைத்தது, அவள் இன்று ஒரு ரூபாய் கட்டாமல் படிக்கிறாள். அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு முழு சந்தோஷம். ஆனால் ஐந்தாவது முடிக்கும் பிள்ளை வைத்திருக்கிற பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஆறாவதில் எங்கே சேர்க்கிறீர்கள் என்பது ஏழு வருடம் கழித்து இத்தனை லட்சமாக வந்து நிற்கும். புதுமைப்பெண் திட்டத்து மாதம் 1,000 ரூபாயும் முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும்தான் இருந்தது. 2024 டிசம்பர் கடைசியில் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழி படித்தவர்களுக்கும் விரித்தார்கள், அப்படி எனக்கும் வந்தது. பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இரண்டுக்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம், பள்ளியில் மாணவருக்குத் தரும் எமிஸ் எண் கேட்பார்கள். பணம் ஆதார் இணைத்த கணக்குக்கு மட்டும் போகும். என் முதல் தவணை, எப்போதோ பள்ளியில் திறந்து மறந்துபோன வேறொரு கணக்குக்குப் போய்விட்டது. எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது என்று வங்கியில் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன். முதலில் போன வங்கிக் கிளையில் மேனேஜர் ஃபைலைத் திறக்காமலே, “உங்க ஊர் எங்க ஏரியாவுல வராது” என்றார். இருப்பிடம் தங்கள் சேவைப் பகுதியில் இல்லை என்ற காரணத்துக்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியிருக்கிறது. அன்று எனக்குத் தெரியாது, எழுந்து வந்துவிட்டேன். பிறகு கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பித்தேன். அப்போது அதில் ஒரே படிவம், மூன்று வங்கிவரை தேர்ந்தெடுக்க முடிந்தது. இந்த முறை அச்செடுத்த விண்ணப்பத்தோடு போய், “முடியாதுன்னா காரணத்தை எழுத்துல கொடுங்க சார்” என்றேன். குரல் நடுங்கியதுதான், ஆனால் கேட்டேன். அதற்குப் பிறகுதான் உட்காரச் சொன்னார். 4 லட்சம்வரை அடமானமோ மூன்றாம் ஆள் ஜாமீனோ வேண்டாம், நம் கைப்பணமாக ஒரு பங்கு போடவும் வேண்டாம். பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். அம்மா கையெழுத்தில்தான் அடுத்த சிக்கல். குழுக் கடனில் வேறொருவர் கட்டாத 2,300 ரூபாய் அம்மாவின் சிபில் கணக்கில் (வங்கிகள் பார்க்கும் கடன் வரலாறு) பாக்கியாக நின்றது. அதைக் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிக் கொடுக்கப் பத்து நாள். கடனுக்குப் போகும் முன்னாடி வீட்டில் யார் கையெழுத்துப் போடப் போகிறார்களோ அவர்களின் சிபிலைப் பாருங்கள். நான்கு வருடத்துக்கும் சேர்த்து 3,60,000 ரூபாய் அனுமதியானது. விடுதிச் செலவும் புத்தகமும் அதில் அடக்கம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு படித்தால் அதுவரையிலான வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. அது தானாக வராது, வருமானச் சான்றோடு கிளையில் கேட்டுப் பதிய வேண்டும்.

தனியார் அறக்கட்டளைகளுக்கு 14 கடிதம் எழுதினேன். இரண்டு பதில் வந்தது, ஒன்றில் 8,000 ரூபாய். கையால் எழுதி, மதிப்பெண், வீட்டு நிலை, சரியாக எவ்வளவு குறைகிறது என்று போட்ட கடிதங்களுக்கே பதில் வந்தது.

ஜூலை 29 அன்று பொதுக் கலந்தாய்வு தொடங்கியது, எனக்கு இரண்டாம் சுற்று ஆகஸ்டில். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது, ஓ.டி.பி. வராமல் போய்விடுமோ என்று காட்டேஜ் வாசல்படியில் உட்கார்ந்து விருப்பப் பட்டியலை நிரப்பினேன். ஓனர் அண்ணா வைஃபை பாஸ்வேர்ட் கொடுத்தார், கம்பளி அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோவையில் நான் மூன்றாவதாகப் போட்ட கல்லூரி கிடைத்தது. வருடத்துக்கு 55,000 கல்விக் கட்டணத்தில் முதல் பட்டதாரி சலுகை 25,000 கழிந்து 30,000 கட்டினேன். விடுதிக்கு முன்பணம் கட்ட அப்பாயியின் தோடு கூட்டுறவு வங்கிக்குப் போனது. அதைச் சொல்லும்போது இன்னும் தொண்டை அடைக்கிறது.

அந்த விடுதிதான் நான் செய்த கடைசிப் பெரிய தப்பு. முதல் வருடம் தங்கலும் சாப்பாடும் 72,000 ரூபாய். கோவையில் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி மாணவியர் விடுதி இருக்கிறது, தங்குவதும் சாப்பாடும் இலவசம் என்று ஒரு சீனியர் அக்கா சொன்னபோது இடமெல்லாம் நிரம்பியிருந்தது. 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள், அந்த வருடம் விண்ணப்பம் கொடுத்த முதல் நாளே போய் நின்றேன். இப்போது அங்கேதான் இருக்கிறேன். கடனிலிருந்து விடுதிக்கு எடுக்க வேண்டிய பணம் அப்படியே நிற்கிறது, தோட்டையும் திருப்பிவிட்டோம். கல்லூரி முடிவான அன்றே அந்த மாவட்டத்துப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்துக்கோ ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கோ போய் விடுதி விண்ணப்பம் கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் உயர்கல்வி பற்றிக் கேட்கலாம், எனக்கு அப்போது அந்த எண்ணைத் தெரியாது.

எங்கள் லயனில் கடைசி வீட்டுப் பொண்ணு இந்த வருடம் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். போன ஞாயிறு அவளும் அவள் அம்மாவும் ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாவற்றையும் அப்பாயியின் கட்டிலில் பரப்பி, ஆதார், ரேஷன் கார்டு, மதிப்பெண் பட்டியல் என்று ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தோம். அவள் அப்பா பெயரில் ஆதாரில் ஒரு ‘எச்’ கூடுதலாக இருக்கிறது. ரிசல்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்குக் காலை ஏழரை பஸ்ஸில் மூன்று பேரும் கோத்தகிரிக்குப் போகிறோம்.